நாற்பத்திரண்டு பேர் படிப்பை முடித்த நாள்

கால்நடை மருத்துவக் கல்லூரியின் சான்றிதழ் பிரிவு நிர்வாகக் கட்டடத்தில் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. படியேறுகிறவர்களின் காலடிச் சத்தம் நாள் முழுக்கத் தலைக்கு மேலே தடதடக்கும். இரண்டு மேசை, ஐந்து இரும்பு பீரோ, ஒரே ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே நாய் வார்டு. புதிதாக வருகிறவர்களுக்கு அந்தக் குரைப்பு மண்டையைப் பிளக்கும். அங்கே பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கும் எழுத்தருக்கோ நாய்கள் திடீரென்று குரைப்பதை நிறுத்தினால்தான் திக்கென்று இருக்கும். என்ன ஆச்சோ என்று எட்டிப் பார்ப்பாள்.

மாணவர்கள் அவளை 'முத்திரை அக்கா' என்று கூப்பிட்டார்கள். எந்தத் தாளையும் மூன்று தடவை படிக்காமல் அவள் முத்திரை குத்தியதில்லை. "கல்யாணப் பத்திரிகையக் குடுத்தாக்கூட அக்கா தேதியச் சரி பார்த்துட்டுத்தான் வாழ்த்துவாங்க" என்று பையன்கள் கிண்டலடிப்பார்கள். அதில் பொய்யும் இல்லை. ஒரு பழைய மாணவி கொண்டுவந்து கொடுத்த பத்திரிகையில் தேதிக்கும் கிழமைக்கும் பொருத்தமில்லை என்று கண்டுபிடித்துச் சொன்னவள் அவள்தான். அந்தப் பெண் அடித்துப் பிடித்துக்கொண்டு அச்சகத்துக்கு ஓடினாள்.

அவளுடைய தம்பியும் அதே கல்லூரியில் படித்தவன். ஆறு வருஷத்துக்கு முன்னால் பட்டம் வாங்கி, வெளிநாட்டில் இருக்கும் பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே போய்விட்டான். போன பிறகுதான் விஷயம் உறைத்தது. அந்த நாட்டில் அவன் வெறும் பட்டதாரி. மாட்டு டாக்டரும் இல்லை, நாய் டாக்டரும் இல்லை. அவன் படித்த கல்லூரிக்கு அங்கே உள்ள கால்நடை மருத்துவக் கவுன்சிலின் அங்கீகாரம் கிடையாது. அங்கீகாரம் உள்ள கல்லூரியில் படித்திருந்தால், அந்த ஊர்ப் பிள்ளைகள் எழுதும் அதே உரிமத் தேர்வை அவர்களோடு சேர்ந்து எழுதிவிட்டு வேலைக்குப் போயிருக்கலாம். இல்லாதவர்களுக்கு நாலு படி. முதலில் மொழித் தேர்வு. அப்புறம் அடிப்படைப் பாடம். அதற்கப்புறம் சிகிச்சைப் பாடம். கடைசியில் மூன்று நாள் செய்முறை. ஒவ்வொரு படிக்கும் நடுவில் ஒரு வருஷமாவது காத்திருக்க வேண்டும். தம்பி மூன்றாவது படியில் இரண்டு தடவை சறுக்கியிருந்தான்.

பிழைப்புக்கு நாய்களைக் குளிப்பாட்டி முடிவெட்டும் கடையில் வேலை பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவைக் கூப்பிடுவான்.

"நேத்து ஒரு நாயோட காதைத் துடைச்சேன் அக்கா. உள்ள சீழ் வெச்சிருக்கு. என்ன மருந்து, எத்தனை சொட்டு, எத்தனை நாள், எல்லாம் தெரியுது. வாயைத் திறக்க முடியல. 'டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா'ன்னு சொல்லி அனுப்பினேன்."

"நீதானடா டாக்டரு?"

"அதை அந்த நாய்கிட்ட சொல்லு. அது ஒத்துக்கும்."

சிரித்துக்கொண்டுதான் சொல்வான். போனை வைத்த பிறகு அவளுக்கு அரைமணி நேரம் ஒரு வேலையும் ஓடாது.

அதனால்தான், அந்த நாட்டுக் கவுன்சிலிடமே சர்வதேச அங்கீகாரம் கேட்டு விண்ணப்பிப்பதாகக் கல்லூரி முடிவெடுத்தபோது, அலுவலகத்தில் எல்லோரும் 'இன்னொரு தலைவலி' என்று முனகிக்கொண்டிருக்க, அவள் மட்டும் வாயே திறக்காமல் ஐந்து பீரோக்களையும் காலி செய்து அடுக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கோப்பு. ஒவ்வொரு கோப்பிலும் சேர்ந்த நாள், போட்டுக்கொண்ட தடுப்பூசி, எந்த வார்டில் எத்தனை நாள், எத்தனை விலங்கைத் தொட்டுப் பார்த்தார், யார் கையெழுத்துப் போட்டார். ஒன்றரை வருஷ வேலை. வருகிற ஏப்ரலில் ஐந்து பேர் கொண்ட மதிப்பீட்டுக் குழு வரும் என்று கடிதமும் வந்துவிட்டது.

அந்த ஜனவரியில்தான் பண்ணையில் கோமாரி வந்தது.

கல்லூரியின் மாட்டுப் பண்ணை பின்பக்கச் சுவரை ஒட்டியது. ஒரு கறவை மாடு வாயில் நுரை தள்ளிக்கொண்டு தீனியைத் தொடாமல் நின்றது. மறுநாள் நான்கு மாடுகளின் குளம்பில் கொப்புளம். பண்ணையை இழுத்துப் பூட்டிவிட்டார்கள். கறக்கிறவர்களையும் பண்ணை மருத்துவரையும் தவிர ஈ காக்கை உள்ளே போகக் கூடாது. செருப்பில் ஒட்டிக்கொண்டே அந்த நோய் ஊரைச் சுற்றிவரும் என்பதால் வாசலில் கிருமிநாசினித் தொட்டி, அதன் பக்கத்தில் ஒரு காவலாளி.

அகப்பட்டுக்கொண்டவர்கள் கடைசி வருஷ மாணவர்கள், நாற்பத்திரண்டு பேர். படிப்பு முழுக்க முடிந்து, பண்ணையில் மூன்று வாரப் பயிற்சி மட்டும்தான் பாக்கி. பிப்ரவரி இருபத்தெட்டில் வெளியேற வேண்டியவர்கள். சிலர் வாடகை அறையைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டிருந்தார்கள். சிலருக்கு வேலை காத்திருந்தது. ஒரு பையனுக்குக் விமான டிக்கெட்டே வாங்கியாகிவிட்டது.

வகுப்பின் பிரதிநிதி ஒரு பெண். அவளை எல்லோரும் 'மைக்செட்' என்றார்கள். நாலு வார்டு தள்ளி நின்று பேசினாலும் பக்கத்தில் நிற்கிற மாதிரி கேட்கும். அவள் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு முதல்வரிடம் போனாள். முதல்வர் கெட்டவர் இல்லை. பிள்ளைகள் முகத்தைப் பார்த்தால் இளகிவிடுகிற ஆள். அன்று மத்தியானமே எழுத்தரைக் கூப்பிட்டனுப்பினார். மைக்செட்டும் அங்கேயே நின்றிருந்தாள்.

"பண்ணை மூடினது பிள்ளைங்க தப்பாம்மா? மத்ததெல்லாம் முடிச்சுட்டாங்க. பிப்ரவரி இருபத்தெட்டுன்னே போட்டு அனுப்பிடுங்க."

"படிப்பு முடிச்ச நாள்னு போடணும்னா, பண்ணையில மூணு வாரம் நின்னாங்கன்னு ஒரு கையெழுத்து வேணும் சார்."

"நான் போடறேன்."

"நீங்க போட்டா நான் முத்திரை குத்தறேன் சார். ஆனா பண்ணை பூட்டியிருந்த நாள்ல பண்ணைக்குள்ள இருந்தாங்கன்னுதான் அந்தக் கையெழுத்துக்கு அர்த்தம். அதை மட்டும் ஒரு தடவை யோசிச்சுக்குங்க."

முதல்வர் பேனாவின் மூடியைக் கழற்றினார். ஜன்னல் வழியே பார்த்தார். தூரத்தில் காவலாளி பால் வண்டிக்காரரைத் தொட்டிக்குள் காலை வைக்கச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தார். மூடியைத் திரும்பவும் மாட்டினார்.

"பண்ணை எப்போ திறக்கும்?"

"கடைசி மாடு குணமாகி ஆறு வாரம் போகணுமாம் சார்."

மைக்செட்டுக்குப் பொறுக்கவில்லை. "மூணு வாரம் மாட்டுக்குப் பின்னாடி நிக்கறதுக்கு ரெண்டு மாசம் சும்மா உக்காரணுமா? அஞ்சு வருஷமா நிக்காத மாடா?" என்றாள். அவள் குரல் மூன்றாவது மாடிக்கே கேட்டிருக்கும். "உங்களுக்கு என்ன அக்கா, ஒரு தேதி. எங்களுக்கு வாழ்க்கை."

எழுத்தர் மாடியிறங்கித் தன் அறைக்கு வந்தாள். பசங்களைப் பார்க்கவே அவளுக்குப் பாவமாக இருந்தது. ஆனால் அவள் கண் முன்னால் நின்றது கோமாரி வந்த ஒரு மாடும், அதை இதற்கு முன் பார்த்தே இராத ஒரு டாக்டரும். அந்தத் தேதியைப் போடமாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. போட முடியாது என்று மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

அன்று சாயங்காலத்துக்குள் அவளுடைய பெயர் மாறிவிட்டது. முத்திரை அக்கா 'முட்டுக்கட்டை' ஆனாள். அறை வாசலைத் தாண்டும்போது வேண்டுமென்றே உரக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். கான்டீனில் அவள் உட்கார்ந்தால் அந்த மேசையிலிருந்து ஒவ்வொருவராகத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள்.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். மனைவியின் முகத்தைப் பார்த்தே விஷயத்தைக் கறந்துவிட்டார்.

"நல்ல ஜோடிதான் போ. ஊர்ல இருக்கறவங்களை நான் ஏத்தி விடறேன், நீ நடுவுல நிறுத்தி வெக்கறே."

"சிரிப்பா இருக்கா உங்களுக்கு? நாப்பத்திரண்டு பிள்ளைங்க வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்டு வந்திருக்கேன்."

"ஏம்மா, கயிறு சரியில்லாத லிஃப்டை ஓட்டுன்னா நான் ஓட்டுவேனா? திட்டத்தான் செய்வாங்க. அஞ்சாவது மாடிக்காரி என்னை என்ன திட்டு திட்டியிருக்கா தெரியுமா? சாப்பிடு."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் சாப்பாடு இறங்கவில்லை.

ஏப்ரல் பத்தாம் தேதி பண்ணையைத் திறந்தார்கள். மறுநாளே நாற்பத்திரண்டு பேரும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். அதற்கு அடுத்த நாள் மதிப்பீட்டுக் குழு வந்து இறங்கியது.

ஐந்து பேர், ஆறு நாள். அறுவைக் கூடத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணினார்கள். தொற்று நோய் வார்டின் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார்கள். மாணவர்களைத் தனியாக உட்காரவைத்து, ஆசிரியர் ஒருவரையும் உள்ளே விடாமல், இரண்டு மணி நேரம் பேசினார்கள். பண்ணைக்கும் போனார்கள். அங்கே ஒரு மாடு கன்று ஈனும் நேரத்தில் தோள்வரை கையுறை போட்டு நின்ற மைக்செட்டிடம் ஒருவர் ஏதோ கேட்க, "இப்போ பேச முடியாது, கொஞ்சம் நில்லுங்க" என்று அவள் போட்ட அதட்டலில் குழுவே இரண்டடி பின்வாங்கியதாக ஒரு பேச்சு.

ஐந்தாம் நாள் காலையில் சான்றிதழ் பிரிவுக்கு ஒரு பெண் மருத்துவர் வந்தார். குள்ளமான உருவம். கழுத்தில் கயிறு கட்டி மூக்குக்கண்ணாடி தொங்கியது. தானே பீரோவைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு எடுத்த மாதிரி ஆறு கோப்புகளை உருவினார். முதல் கோப்பு சரி. இரண்டாவது சரி. மூன்றாவதில் அவருடைய விரல் ஒரு வரியில் போய் நின்றது.

மூன்றாம் வருஷ மாணவன் ஒருவனுடைய வெறிநாய்க்கடித் தடுப்பூசிக் குறிப்பு அது. விலங்கைத் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு மாணவரும் மூன்று ஊசி போட்டிருக்க வேண்டும். மூன்றாவது ஊசிக்கு நேராக 'ஜூன் 31' என்று இருந்தது. எழுத்தருடைய கையெழுத்து. குண்டு குண்டாக, சந்தேகத்துக்கே இடமில்லாமல்.

ஜூனுக்கு ஏது முப்பத்தொன்று?

நாற்பத்திரண்டு பேரை ஒரு தேதிக்காக நிறுத்திவைத்தவள், காலண்டரிலேயே இல்லாத ஒரு நாளை எழுதி, முத்திரையும் குத்தி வைத்திருக்கிறாள். ஒன்றரை வருஷம் கல்லூரியே முதுகு ஒடிய உழைத்தது. அதைத் தான் எழுதிய ஒரு தேதி கவிழ்த்துவிட்டது என்றே நினைத்தாள்.

மருத்துவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"இது என் தப்புதான் மேடம்" என்றாள் அவள். "சுகாதார மையத்துச் சீட்டு இருக்கு. ஒரு நிமிஷம்."

அது நாலாவது பீரோவில் இருந்தது. சாவி எடுக்கப் போய் சாவிக் கொத்தையே கீழே போட்டாள். சீட்டில் ஜூலை ஒன்று என்று இருந்தது. ஊசி போட்ட நர்சின் கையெழுத்து, மருந்துக் குப்பியின் எண், எல்லாம் இருந்தன. அந்த மாணவன் நாய் வார்டுக்குள் கால் வைத்ததோ ஜூலை பதினாறில்தான்.

மருத்துவர் சீட்டைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார். இதை இப்போது எப்படித் திருத்துவீர்கள் என்று கேட்டார். அவள் வெள்ளை மை எதையும் எடுக்கவில்லை. தப்பான தேதி மறையாத மாதிரி அதன் மேல் ஒரே ஒரு கோடு இழுத்தாள். பக்கத்தில் சரியான தேதியை எழுதினாள். அதன் கீழே தன் கையெழுத்தையும் அன்றைய தேதியையும் போட்டாள். மருத்துவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் குறிப்பேட்டில் எதையோ எழுதினார். நீளமாகவே எழுதினார். பிறகு நன்றி சொல்லிவிட்டு நாலாவது கோப்பைப் பிரித்தார்.

ஏப்ரல் பதினேழில் குழு கிளம்பிப் போனது. மே இரண்டில் நாற்பத்திரண்டு பேரும் பண்ணைப் பயிற்சியை முடித்தார்கள். அன்றே எல்லோருக்கும் தாளைத் தயார் செய்து வைத்திருந்தாள் அவள். மைக்செட் தன்னுடையதை வாங்கிப் பைக்குள் வைத்தாள். போய்ட்டு வரேன் என்றுகூடச் சொல்லவில்லை. அவர்கள் கோபத்துக்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருந்தது. அங்கீகாரமே கிடைத்தாலும் அது அடுத்த வருஷப் பிள்ளைகளிலிருந்துதான் செல்லும் என்று கல்லூரி முழுக்கப் பேச்சு. ரெண்டு மாசமும் போச்சு, அங்கீகாரமும் கை நழுவிப் போச்சு என்று நொந்துகொண்டே போனார்கள்.

முடிவு தெரிய ஐந்து மாசம் ஆனது. அந்த ஐந்து மாசமும் அவள் மனதில் ஓடியது ஒரே கேள்விதான்: அந்தம்மா என்ன எழுதினார்?

"'இந்த எழுத்தர் கைல பேனாவே குடுக்காதீங்க'ன்னு எழுதியிருப்பாங்க" என்றார் வீட்டுக்காரர்.

"விளையாடாதீங்க."

"பின்ன என்னம்மா? அஞ்சு பீரோவுல ஒரே ஒரு ஜூன் முப்பத்தொண்ணு. எனக்குத் தெரிஞ்சு அன்னிக்குப் பொறந்தநாள் கொண்டாடறவன் ஒருத்தனும் இல்லை. யாருக்கு நஷ்டம்?"

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை முதல்வர் படியிறங்கி வந்த சத்தமே வேறு மாதிரி இருந்தது. இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தார். தாழ்வாரத்தில் நின்று கையிலிருந்த காகிதத்தை ஆட்டினார். "குடுத்துட்டாங்க! ஏழு வருஷத்துக்குக் குடுத்துட்டாங்க!" ஆசிரியர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். வார்டுப் பணியாளர்கள் கைதட்டினார்கள். இரைச்சலில் நாய்களும் சேர்ந்துகொண்டன. அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டாள். தன்னால் கெடவில்லை. அது போதும்.

ஆனாலும் அவள் அவளாயிற்றே. எல்லோரும் இனிப்பு சாப்பிடப் போன பிறகு, முதல்வரின் மேசையிலிருந்து முழு அறிக்கையின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு தன் அறைக்கு வந்தாள். ஐம்பத்தெட்டுப் பக்கம். தன் தப்பு எந்தப் பக்கத்தில் அச்சேறியிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். குதிரைகள் போதாது என்று எழுதியிருந்தார்கள். தொற்று நோய் வார்டுக்குத் தனி வாசல் வேண்டும், இரண்டு வருஷத்துக்குள் கட்ட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். மாணவர் பதிவேடுகளைப் பற்றி மூன்றே வரி: பதிவுகள் முழுமையாக உள்ளன, மூல ஆவணத்தோடு ஒப்பிட முடிகிறது, திருத்தங்கள் மறைக்கப்படாமல் செய்யப்படுகின்றன. ஜூன் முப்பத்தொன்றைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அதோடு மூடி வைத்திருக்கலாம். ஆனால் பாதியில் மூடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. ஐம்பத்திரண்டாம் பக்கத்தில், யாரும் புரட்டிப் பார்க்காத விதிமுறைப் பகுதியில், ஒரு பத்தி இருந்தது. இந்த அங்கீகாரம், மதிப்பீட்டுக் குழு கல்லூரியைப் பார்வையிட்ட கடைசி நாளிலிருந்து நடைமுறைக்கு வருகிறது. அந்த நாளுக்குப் பிறகு படிப்பை முடித்தவர்கள் எல்லோரும் அங்கீகாரம் பெற்ற கல்லூரியின் பட்டதாரிகளாகவே கருதப்படுவார்கள்.

கடைசி நாள் ஏப்ரல் பதினேழு. அந்த நாற்பத்திரண்டு பேர் முடித்தது மே இரண்டு.

அவள் திரும்பப் படித்தாள். மூன்றாவது தடவையும் படித்தாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து நாலாவது தடவையும் படித்தாள். பத்தொன்பது வருஷத்தில் ஒரு தாளை நாலு தடவை அவள் படித்தது அன்றுதான். பிப்ரவரி இருபத்தெட்டு என்று போட்டு அனுப்பியிருந்தால் நாற்பத்திரண்டு பேருக்கும் அந்தக் கதவு சாத்தியே இருந்திருக்கும். தம்பிக்குச் சாத்திய மாதிரி.

அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு மாடியேறினாள். முதல்வர் படித்தார். நாற்காலியில் சாய்ந்தார்.

"அன்னிக்கு நான் பேனாவைத் திறந்தேனே..." என்றார்.

"மூடிட்டீங்களே சார்."

அவர் உடனே கவுன்சிலுக்குக் கடிதம் எழுதி உறுதி கேட்டார். பதில் வர இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் அவள் வீட்டுக்காரரிடம்கூட மூச்சு விடவில்லை. உறுதியாகாத செய்தியைச் சொல்லி மறுபடி ஒரு தடவை அந்தப் பிள்ளைகளின் வயிற்றில் அடிக்க அவளால் முடியாது. சனிக்கிழமை பதினோரு மணிக்குப் பதில் வந்தது. நாற்பத்திரண்டு பேருக்கும் செல்லும்.

முதல் போன் மைக்செட்டுக்கு. அவள் ஒரு பால் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பின்னால் மாடுகளின் சத்தம்.

"யாருங்க பேசறது?" குரல் அதேதான். இவள் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள்.

"முட்டுக்கட்டை பேசறேன்மா."

அந்தப் பக்கம் மாடுகள் மட்டும்தான் கத்தின. மைக்செட்டின் வாய் அடைத்துப்போனது அதுதான் முதல் தடவையாக இருக்கும். விஷயத்தைச் சொன்னாள். பக்க எண்ணைச் சொன்னாள். கவுன்சிலின் பதிலை அப்படியே படித்தாள்.

"ஏம்மா, இருக்கியா?"

"இருக்கேன் அக்கா." சின்னக் குரல். அந்தக் குரல் அவளிடம் இருப்பதே யாருக்கும் தெரியாது. "நான் அன்னிக்கு உங்களை என்னென்னமோ..."

"அதெல்லாம் விடு. எனக்கும் இது தெரியாதும்மா. தெரிஞ்சு பண்ணின மாதிரி நீங்க யாரும் பெருமை பேசக் கூடாது. பூட்டின பண்ணையில இருந்தீங்கன்னு எழுத எனக்குக் கை வரல, அவ்வளவுதான். மத்தவங்களுக்கு நீ சொல்லிடறியா, நான் கூப்பிடட்டுமா?"

"நானே சொல்றேன்." பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "போன்கூட வேணாம் அக்கா, இங்கேர்ந்து கத்தினாலே கேட்டுடும்" என்றாள்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். கொஞ்சம் அழவும் அழுதார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அந்தப் போனுக்குத்தான் அவள் பயந்துகொண்டிருந்தாள். தம்பி ஆறு வருஷத்துக்கு முந்தியவன். அவனுக்கு அந்த ஐம்பத்திரண்டாம் பக்கத்தில் இடமில்லை. போன் அடித்தபோது வீட்டுக்காரர் அவளைப் பார்த்தார். "நான் பேசட்டுமா?" என்றார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு எடுத்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"உனக்குச் செல்லாதுடா. தேடிப் பார்த்தேன். ஒவ்வொரு வரியாத் தேடினேன்."

தம்பி குழாயை மூடுகிற சத்தம் கேட்டது.

"அப்பாடா" என்றான்.

"என்னடா அப்பாடா?"

"நிஜமாத்தான் அக்கா. ரெண்டு வருஷமா புஸ்தகத்தை எடுக்கும்போதெல்லாம், எதுக்குப் படிக்கறோம், காலேஜுக்குக் கிடைச்சுட்டா நமக்கும் சேர்த்துக் கிடைச்சுடுமேன்னு ஒரு நினைப்பு. மூடி வெச்சுடுவேன். ரெண்டாந்தடவை ஃபெயிலானதே அதனாலதான்னு நினைக்கறேன். இப்போ அந்த நப்பாசை போச்சு. உக்காந்து படிச்சுத் தொலைக்கலாம்."

"வருத்தமா இல்லையா?"

"இருக்கு. இல்லேன்னு சொல்லுவேனா? ஆனா அந்த நாப்பத்திரண்டு பேர் இங்க வந்து நாயைக் குளிப்பாட்ட வேண்டாம் பாரு. அதுக்கு ஆள் நான் ஒருத்தன் போதும்." பிறகு கேட்டான்: "மாமா பக்கத்துல இருக்காரா? குடு."

வீட்டுக்காரர் போனை வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போனார். அவர் எதற்கோ உரக்கச் சிரிப்பது கேட்டது. அவள் நாற்காலியில் அப்படியே சாய்ந்தாள். கண் சொருகியது. எத்தனையோ மாசத்துக்கப்புறம் அவளுக்கு அன்று பகலிலேயே தூக்கம் வந்தது. மூன்று மணி நேரம் தூங்கினாள். போர்வை போர்த்தியது யார் என்றுகூடத் தெரியவில்லை.

அந்த நாற்பத்திரண்டு பேரில் பதினொரு பேர் அடுத்த இரண்டு வருஷத்தில் வெளிநாடு போய், நேராக உரிமத் தேர்வு எழுதி, டாக்டராகவே வேலைக்குச் சேர்ந்தார்கள். மற்றவர்கள் இங்கேயே இருந்தார்கள். மைக்செட்டும் போகவில்லை. "போக முடியும்னு தெரிஞ்சதும் போகணும்ங்கற வெறி அடங்கிப்போச்சு அக்கா. இந்த மாடுங்க என் குரலுக்குப் பழகிடுச்சு, புதுசா யாரையாவது எதுக்குப் பயமுறுத்தணும்?" என்றாள். கல்லூரி தொற்று நோய் வார்டுக்குத் தனி வாசல் கட்டியது. குதிரைகள் நான்கு கூடின. வெளிநாட்டிலிருந்து இங்கே வந்து படிக்கும் பிள்ளைகள்கூட ஒன்றிரண்டு பேர் சேர ஆரம்பித்தார்கள். அவர்களுடைய பெயரை எழுத்துப் பிழையில்லாமல் எழுதுவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது.

தம்பி அடுத்த வருஷம் மூன்றாவது படியைத் தாண்டினான். அதற்கடுத்த வருஷம் மூன்று நாள் செய்முறையையும் முடித்தான். உரிமம் கைக்கு வந்து, சின்ன மருத்துவமனை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் கூப்பிட்டான். முதலில் வந்தது சண்டையில் காது கிழிந்த ஒரு பூனையாம். எப்படிப் பிடித்தான், அது எப்படிப் பிறாண்டியது, எந்த நூலால் தைத்தான், எத்தனை தையல், பூனைக்காரி என்ன கேட்டாள், இவன் என்ன சொன்னான், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னான். பாதிக்கு மேல் அவளுக்குப் புரியவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவன் முடிக்கும்வரை உம் கொட்டிக்கொண்டே கேட்டாள்.